ஆறாவது முதல் எட்டாவது வரை: புத்தகப் பைக்குள்ளே என்ன இருக்கு?

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இன்னைக்கு என்ன நடத்தினாங்க?" வரும் பதிலும் ஒன்றுதான். "ஒண்ணுமில்ல."

ஐந்தாவது வரைக்கும் இந்த "ஒண்ணுமில்ல" நம்மைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினால் என்ன படிக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். ஆறாவது வந்ததும் கதை மாறுகிறது. பை கனமாகிறது, நமக்குத் தைரியம் குறைகிறது. "இனிமே நமக்குப் புரியாதுப்பா, டியூஷன்ல போட்டுடலாம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். அதற்குப் பிறகு பிள்ளையின் படிப்பைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடும் அந்த ஒரு நிமிடம்தான்.

அப்படி ஒதுங்கிய பெற்றோருக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளில் பிள்ளைகள் படிக்கும் பாடங்கள் தனித்தனிப் புத்தகங்களாக இருந்தாலும், உள்ளே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. அறிவியலில் தடுமாறும் பிள்ளைக்குப் பல நேரம் அறிவியலில் பிரச்சினையே இல்லை. வகுத்தலில் இருக்கும். இல்லாவிட்டால் பாடத்தை வாசிப்பதிலேயே இருக்கும். மதிப்பெண் அட்டை அதைச் சொல்லாது. புத்தகத்தைத் திறந்து பிள்ளையோடு பத்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும். அதற்கு உங்கள் கையில் இருக்கும் போனே போதும்.

ஆறாவதில் என்ன மாறுகிறது?

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடத்தையும் நடத்துவார். இந்தப் பிள்ளைக்குக் கழித்தல் வராது, அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டித்தான் படிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆறாவதிலிருந்து பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வரத் தொடங்குகிறார். இது நல்லதுதான். பாடம் தெரிந்தவர் பாடம் நடத்துகிறார். ஆனால் ஒவ்வொருவரும் பிள்ளையின் ஒரு துண்டைத்தான் பார்க்கிறார்கள். அறிவியல் ஆசிரியர் "இவன் கணக்குப் போட மாட்டேங்கிறான்" என்பார். கணக்கு ஆசிரியர் "கேள்வியையே புரிஞ்சுக்க மாட்டேங்கிறான்" என்பார். தமிழ் ஆசிரியரிடம் கேட்டால், சத்தமாக வாசிக்கச் சொன்னால் தலை குனிந்துகொள்கிறான் என்பார். மூன்று பேர் சொல்வதும் ஒரே விஷயத்தைத்தான். அதைச் சேர்த்துப் பார்க்கக்கூடியவர் வீட்டில்தான் இருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை. ஒரு வருடத்தை இழந்து, கூடப் படித்தவர்களைப் பிரிந்து, வெட்கப்பட்டுப் பள்ளியையே விட்டுப் போன பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். ஆனால் நாம் செய்யும் தவறு, "பாஸ்தானே" என்று நிம்மதியாக இருந்துவிடுவது. ஆறாவதில் விட்டுப்போன பின்னம் ஏழாவதில் சதவீதமாக வந்து மிரட்டும். எட்டாவதில் கூட்டு வட்டியாக வரும். ஒன்பதாவதில் தேர்வு கடுமையாகும்போது, "இவ்வளவு நாள் நல்லாத்தானே படிச்சான்" என்று வீட்டில் ஒரே கலக்கம். திடீரென்று எதுவும் நடந்துவிடவில்லை. மூன்று வருடமாக நடந்தது அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

கணக்குப் புத்தகத்தில் நம் வீடு

இந்த வகுப்புகளுக்கான புத்தகங்களைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிடுகிறது. 2018-இல் ஆறாம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டப் புத்தகம் வந்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவசம். ஒரு முறை அந்தக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். நாம் பயப்படும் அளவுக்கு அதில் புரியாத சங்கதி குறைவு. நாம் தினமும் செய்கிற வேலைதான் நிறைய.

ஆறாவதில் "பட்டியல், இலாபம் மற்றும் நட்டம்" என்றே ஒரு பாடம் இருக்கிறது. பட்டியல் என்றால் கடையில் தரும் பில். பொருள், அளவு, விலை, மொத்தம் என்று ஒரு பில்லை எப்படிப் படிப்பது என்பதுதான் பாடமே. மளிகை வாங்கி வந்த பில்லைக் கசக்கிப் போடாமல் பிள்ளையிடம் கொடுங்கள். கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டாவது படிக்கும் பிள்ளை என்றால் தள்ளுபடி, ஜிஎஸ்டி எல்லாம் "வாழ்வியல் கணிதம்" என்ற பாடத்தில் வருகிறது. ஓட்டல் பில்லில் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று இரண்டு வரி சமமாக இருப்பது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். எட்டாவது பிள்ளை நமக்கு விளக்கிச் சொல்லும்.

ஆறாவதிலேயே விகிதமும் விகிதசமமும் தொடங்கிவிடுகின்றன. இட்லிக்கு நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து போடுகிற வீட்டில், விருந்தாளி வந்ததால் ஆறு டம்ளர் அரிசி ஊற வைத்தால் உளுந்து எவ்வளவு? ஒன்றரை டம்ளர். அம்மா இதைக் கைக்கணக்காகச் செய்துவிடுவார். பிள்ளைக்கு அது 4 : 1 என்று புத்தகத்தில் வந்து நிற்கிறது. இரண்டும் ஒன்றே என்று யாராவது ஒருவர் சொல்லித்தர வேண்டும். ஏழாவதில் இதுவே நேர் விகிதம், எதிர் விகிதம் என்று விரிகிறது. நாலு பேர் ஆறு நாளில் முடிக்கும் நாற்று நடவை எட்டு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? ஆள் இரண்டு மடங்கானால் நாள் பாதி. மூன்று நாள். ஆனால் எட்டு பேருக்கும் கூலி என்று கேட்டால் அது நேர் விகிதம். இந்த வித்தியாசத்தில்தான் பல பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பிள்ளைகூட இங்கே தப்பு பண்ணும். காரணம், கேள்வியை நிதானமாக வாசிக்காததுதான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஏழாவது படிக்கிறான். தனிவட்டி சூத்திரம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அசல், ஆண்டு, வட்டி வீதம் மூன்றையும் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். ஒரு நாள் அவன் பாட்டி, "இருபதாயிரம் கைமாத்து வாங்கியிருக்கேன், நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி, வருசத்துக்கு எவ்வளவுடா ஆகும்?" என்று கேட்டார். பையன் மடமடவென்று போட்டு "நானூறு ரூபா பாட்டி" என்றான். பாட்டி சிரித்துவிட்டார். "நானூறு மாசத்துக்குடா!"

சூத்திரம் சரி, பெருக்கல் சரி. விடை மட்டும் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு. புத்தகத்தில் வட்டி வீதம் என்பது வருடத்துக்கு. அப்படியென்றால் பாட்டி கட்டுவது வருடத்துக்கு 24 சதவீதம், அதாவது 4,800 ரூபாய். ஐம்பது மாதத்தில், நாலு வருடம் இரண்டு மாதத்தில், கட்டிய வட்டியே இருபதாயிரத்தைத் தொட்டுவிடும். அசல் அப்படியே இருக்கும். அன்றைக்கு அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பேங்க்ல எவ்வளவு பாட்டி?" என்று கேட்டான். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் தனிவட்டிப் பாடம் அவனுக்குள் போயிற்று என்று நான் நினைக்கிறேன்.

ஏழாவதின் கடைசிப் பருவத்தில் புள்ளியியல் வருகிறது. சராசரி, இடைநிலை அளவு, முகடு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வீட்டு மின் கட்டண அட்டையை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் வருடத்துக்கு ஆறு கணக்கு. ஒரு வீட்டில் 180, 190, 210, 340, 330, 190 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1,440. ஆறால் வகுத்தால் சராசரி 240. ஆனால் அந்த வீட்டில் சாதாரணமாக ஓடுவது 240 யூனிட்டா? இல்லை. கோடையின் இரண்டு கணக்கும் சராசரியை மேலே இழுத்துவிட்டன. சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் இரண்டு எண்களை, 190-ஐயும் 210-ஐயும், எடுத்தால் இடைநிலை 200. அதிக முறை வருவது 190, அதுதான் முகடு. மூன்று பதிலும் ஒரே வீட்டைப் பற்றித்தான் பேசுகின்றன. சராசரி என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் உடனே நம்பிவிடாமல் "எதை வச்சு?" என்று கேட்கப் பழகுவது பெரியவர்களுக்கும் தேவைப்படுகிற பழக்கம்.

எண்ணெய் பாக்கெட்டில் ஒரு பாடம்

இப்போது அறிவியலுக்கு வருவோம். ஆறாவதில் அளவீடுகள், விசை, தாவரங்கள், விலங்குகள், வெப்பம், மின்னியல், காந்தம், நீர், செல், உடல் உறுப்பு மண்டலங்கள் என்று எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுகிறார்கள். ஏழாவதில் அவற்றோடு எண்கள் சேரத் தொடங்குகின்றன. அங்கேதான் சிக்கல் வருகிறது.

உதாரணத்துக்கு அடர்த்தி. நிறையைக் கனஅளவால் வகுத்தால் வருவது அடர்த்தி. "சாருக்கு நடத்தவே தெரியல, ஒண்ணும் புரியல" என்று பிள்ளை சொல்லும். சமையலறைக்குப் போய் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான சமையல் எண்ணெய் பாக்கெட்டில் 1 லிட்டர் என்றும், பக்கத்திலேயே 910 கிராம் என்றும் அச்சிட்டிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிராம். ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொண்டு தண்ணீரைவிட 90 கிராம் குறைவாக இருக்கிறது எண்ணெய். அதனால்தான் ரசத்துக்கு மேலே எண்ணெய் மிதக்கிறது. 910-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.91. இதுதான் அடர்த்தி. பிள்ளை இதைக் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்றால் அதற்கு அறிவியல் புரிந்துவிட்டது. "0.91 எப்படி வந்துச்சு?" என்று கேட்டால் அதற்குத் தசமத்தில் கை கொடுக்க வேண்டும். பிரச்சினை எங்கே என்று ஒரு எண்ணெய் பாக்கெட் காட்டிக் கொடுத்துவிடும்.

புவியியலிலும் இதே கதை. ஆறாவதில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு வருகின்றன. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படியென்றால் ஒரு மணிக்கு 15 டிகிரி. இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 82½-ஐ 15-ஆல் வகுத்தால் 5½. அதனால்தான் லண்டனின் கிரீன்விச் நேரத்தைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். வளைகுடாவில் அப்பா வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நேரக் கணக்கு ஏற்கெனவே மனப்பாடம். அங்கே மணி என்ன என்று தெரிந்துதானே வீடியோ கால் போடுகிறார்கள். போனில் வரைபடச் செயலியைத் திறந்து உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சம், இரண்டாவது தீர்க்கம். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு, 80 டிகிரி கிழக்கு. மும்பை ஏறத்தாழ 73 டிகிரி கிழக்கு. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் வீதம், சூரியன் சென்னையில் உச்சிக்கு வந்து சுமார் அரை மணி கழித்துத்தான் மும்பையில் உச்சிக்கு வருகிறது. கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒரே மணிதான் காட்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் மொழி

தமிழ்ப் பாடத்தைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு அலட்சியம் உண்டு. "தமிழ்தானே, வீட்டில பேசறதுதானே" என்பார்கள். வீட்டில் பேசுவது வேறு, புத்தகத்தில் இருப்பது வேறு. கனஅளவு, பருப்பொருள், எதிர் விகிதம், சமயச்சார்பின்மை போன்ற சொற்களை வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஒரு பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்து, தெரியாத சொல்லைச் சுற்றியிருக்கும் வாக்கியத்திலிருந்து பொருளைப் பிடிக்கிற பழக்கம் தமிழ் வகுப்பில்தான் வர வேண்டும். அது வராவிட்டால் அறிவியலும் சமூக அறிவியலும் வெறும் மனப்பாடமாகிவிடும்.

தமிழ்ப் புத்தகத்தில் செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு இயலின் முடிவிலும் "மொழியை ஆள்வோம்", "மொழியோடு விளையாடு" என்று வரும் பக்கங்களை மட்டுமாவது பாருங்கள். அதில் கடிதம் எழுதும் பயிற்சி, விண்ணப்பம் எழுதும் பயிற்சி எல்லாம் உண்டு. சான்றிதழ் வாங்க மனு எழுத அடுத்தவரைத் தேடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எட்டாவது முடித்த பிள்ளையால் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போட்டு ஒரு விண்ணப்பம் எழுத முடிய வேண்டும். எழுதச் சொல்லிப் பாருங்கள். இலக்கணத்தில் எட்டாவதில் வல்லினம் மிகும் இடம், மிகா இடம் வருகிறது. பெரியவர்களாகிய நாம் பலர் இன்றைக்கும் தடுமாறும் இடம் அது. பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. அரசுப் புத்தகங்கள் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாடம், ஒரே வரிசைதான். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றுக்கும் தமிழ் வழிப் புத்தகத்தைப் பாடநூல் கழகத்தின் இணையதளத்திலிருந்து போனில் இலவசமாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் புரியாத பக்கத்தைத் தமிழில் ஒரு தடவை வாசித்துவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்குப் போகட்டும். மாதக் கட்டணம் கட்டி டியூஷன் வைப்பதற்கு முன்னால் இதை ஒரு பருவம் செய்து பார்க்கலாம். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கும் பாடத்துக்குள் நுழைய இது ஒரு வழி.

ஆங்கிலப் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறாவது புத்தகம் கடல் ஆமைகளைப் பற்றிய பாடத்தோடு தொடங்குகிறது. நம் கடற்கரையில் நடக்கிற விஷயம் என்பதால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும். இந்த வயதில் தப்பில்லாமல் பேசுவதைவிடக் கூச்சமில்லாமல் வாசிப்பது முக்கியம். தினமும் அரைப் பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும், திருத்த வேண்டாம்.

குடிமகனுக்கான பாடம்

சமூக அறிவியல் என்றால் வரலாறு, அரசர்கள், ஆண்டுகள் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஆறாவதில் சிந்துவெளி, பூம்புகார், மதுரை, காஞ்சி. ஏழாவதில் சோழர், பாண்டியர், டெல்லி சுல்தான்கள், விஜயநகரம், முகலாயர். எட்டாவதில் ஐரோப்பியர் வருகை, ஆங்கில ஆட்சி, மக்களின் எதிர்ப்பு. இவை எல்லாம் உண்டு. ஆனால் இந்த இதழைப் படிக்கும் உங்களுக்கு நான் காட்ட விரும்புவது குடிமையியலையும் பொருளியலையும்.

ஆறாவதில் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவை என்ன செய்கின்றன என்று பாடம் இருக்கிறது. ஏழாவதில் சந்தையும் நுகர்வோர் பாதுகாப்பும், வரியும் அதன் முக்கியத்துவமும். எட்டாவதில் மாநில அரசு எப்படி இயங்குகிறது, குடியுரிமை, மனித உரிமைகள், பணம், சேமிப்பு, முதலீடு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போக வேண்டும் என்று தெரியாமல் அலைகிற நமக்கு, நம் வீட்டிலேயே ஒரு பன்னிரண்டு வயது ஆலோசகர் இருக்கிறார்.

கிராமத்தில் இருப்பவர்கள் ஒரு முறை பிள்ளையைக் கிராம சபைக்குக் கூட்டிப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாட்கள் நடக்கும். பின்னால் உட்கார்ந்து வரவு செலவு வாசிப்பதைக் கேட்டாலே ஆறாவது பாடம் உயிரோடு எழுந்து வரும். நகரத்தில் இருப்பவர்கள் சொத்து வரி ரசீதையும் குடிநீர்க் கட்டண ரசீதையும் காட்டலாம். ஏமாற்றிய கடையைப் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம் என்பதை ஏழாவது பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது அறிவியலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. உடலில் வரும் மாற்றங்கள், மாதவிடாய், சுத்தம், சத்துணவு எல்லாம் அதில் வரும். இந்தப் பாடத்தை மட்டும் "நீங்களே படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிடுகிற வகுப்புகள் உண்டு. புத்தகத்தைப் பார்த்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீடுகளும் உண்டு. தாண்டாதீர்கள். பையன்களும் படிக்க வேண்டிய பாடம் அது. நாம் வாயை மூடிக்கொண்டால், பிள்ளை அதே போனில் வேறெங்கோ போய்த் தெரிந்துகொள்ளும். அதைவிட அரசுப் புத்தகத்தில் இருப்பது ஆயிரம் மடங்கு மேல். யாராவது தொந்தரவு கொடுத்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

போனும் புத்தகமும்

புத்தகத்தின் பக்க ஓரங்களில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று இருக்கும். கியூஆர் கோடு. கடையில் பணம் அனுப்ப ஸ்கேன் செய்கிறோமே, அதே மாதிரிதான். தீக்‌ஷா செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டு அதிலிருந்து ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ வரும். பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலும் அசைவூட்டப் படங்களோடு பாட வீடியோக்கள் இருக்கின்றன. இரண்டும் இலவசம். போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல் கூடவே உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிட வீடியோ முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு, "இப்ப எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் புரிந்திருக்கிறது.

ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் பருவத்துக்கு ஒரு புத்தகம் தருகிறார்கள். பை கனம் குறைய வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் பருவம் முடிந்ததும் பல வீடுகளில் முதல் பருவப் புத்தகம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. போடாதீர்கள். ஏழாவதில் முழு எண்களும் இயற்கணிதமும் முதல் பருவத்தில், சதவீதம் மூன்றாம் பருவத்தில். பிள்ளை பின்னால் திரும்பிப் பார்க்க அந்தப் புத்தகம் வேண்டும். எட்டாவதில் வருடம் முழுவதற்கும் ஒரே புத்தகம் வருவதால், தேர்வுக்குப் படிக்கும் சுமை அங்கே சட்டென்று ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மதிப்பெண் அட்டையில் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று இரண்டு இருக்கும். செயல்பாடு, சிறு தேர்வு இவற்றுக்கு 40. பருவ முடிவில் எழுதும் தேர்வுக்கு 60. மொத்தத்தை மட்டும் பார்க்காமல் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். 40-க்கு 38 வாங்கிய பிள்ளை 60-க்கு 21 வாங்கியிருந்தால், மொத்தம் 59 என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். வகுப்பில் ஆசிரியர் துணையோடு செய்வதைத் தனியாக உட்கார்ந்து எழுத வரவில்லை என்று அந்த 21 சொல்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் பேசலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். கல்வி சம்பந்தமான எந்தச் சந்தேகத்துக்கும் 14417 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

ஆறாவது ஒரு வாசல்

கடைசியாக, பல பெற்றோருக்குப் பிள்ளை பன்னிரண்டாவது முடித்த பிறகுதான் தெரியவரும் ஒரு விஷயம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான முக்கியமான சலுகைகள் பலவும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கெடுக்கப்படுகின்றன. நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது வந்தது. உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஆறாவதிலிருந்துதான் பார்க்கின்றன. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இந்த இரண்டு திட்டத்துக்குள் வருகிறார்கள். நடுவில் ஒரு வருடம் பள்ளி மாற்ற நினைப்பவர்கள் இதை முதலில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். ஆறாவது முதல் எல்லா வகுப்புக்கும் படிப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ் நகல்களைப் போனில் படமெடுத்து ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு அந்த வருடமே ஒரு வாய்ப்பு வருகிறது. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிப்பவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடத்துக்கு 12,000 ரூபாய், நாலு வருடத்தில் 48,000. மனத்திறனுக்கு 90 கேள்வி, படிப்பறிவுக்கு 90 கேள்வி. இந்த இரண்டாவது தாளில் வருவது கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும்தான். அதாவது ஏழாவது, எட்டாவது புத்தகங்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும் என்பதால், உங்கள் பிள்ளை இப்போது ஏழாவதில் இருந்தால் மூன்று பருவப் புத்தகங்களையும் அலமாரியில் எடுத்து வையுங்கள். எட்டாவது தொடங்கியதும் தலைமையாசிரியரிடம் விண்ணப்ப நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.